ஈரத் திரையின் மறுபுறம்

பயாஸ்கோப் ஓட்டுகிறவருக்குப் படம் பார்க்க நேரம் இருக்காது. கேட்க விநோதமாக இருக்கும்; உண்மை அதுதான். வலது கை கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். வேகம் குறைந்தால் திரையில் இருப்பவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நடப்பதுபோல நடப்பார்கள். கூடினால் எறும்பு கடித்தவர்கள் மாதிரி துள்ளுவார்கள். இடது கைக்கு வேறு வேலை. விளக்குப் பெட்டிக்குள் சாக்பீஸைவிடப் பருமனாக ஒரு சுண்ணாம்புத் துண்டு நிறுத்தப்பட்டிருக்கும். பிராணவாயு கலந்த நெருப்பு குழாய் வழியாகச் சீறி வந்து அதன்மேல் படும். சுண்ணாம்பு எரியாது, உருகாது. கண் கூசும்படி வெள்ளையாக ஒளிரும். அந்த வெளிச்சம்தான் படமாகத் திரையில் விழுகிறது. ஒரே இடத்தில் நெருப்பு பட்டுக்கொண்டிருந்தால் சுண்ணாம்பில் குழி விழுந்து வெளிச்சம் மங்கும். அதனால் துண்டை அவ்வப்போது சற்றே திருப்பிவிட வேண்டும். இதற்கிடையில், கீழே சாக்குப் பைக்குள் சுருண்டு விழும் பிலிமின் மேலும் ஒரு கண் வேண்டும். அந்த நாளில் பிலிம் காய்ந்த ஓலையைவிட வேகமாகத் தீப்பற்றும்.

திருவேங்கடத்துக்கு இவை எல்லாம் ஒரு குளிர்காலத்துக்குள் கைவந்துவிட்டன. கல்கத்தாவில் கிளைவ் தெரு பாங்க் ஒன்றில் அவர் உத்தியோகம். 1910ஆம் வருஷம் கார்த்திகையில் லீவு எடுத்துக்கொண்டு, பவானிபூரில் டிராம் பாதைக்குச் சற்று உள்ளே கூடாரம் போட்டிருந்த நிபாரண் தத்தாவிடம் வேலை பழகப் போனார். பாங்கில் இருந்தவர்கள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள். அவர் மனைவி விஜயலக்ஷ்மிக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"மார்கழி முடியறவரைக்கும் நீங்க என்ன வேணா சுத்துங்கோ. அதுக்குள்ள நிபாரண் பாபு உங்களை நம்பி மெஷினைக் கொடுத்தா ராஜிநாமா பண்ணுங்கோ. இல்லேன்னா தை பிறந்ததும் பேசாம டிராம் ஏறி ஆபீஸ் போங்கோ. இங்க ஒரு காலும் அங்க ஒரு காலுமா நிக்கப்படாது."

நிபாரண் பாபுவிடம் இரண்டு மெஷின்கள் இருந்தன. அதுவரை சீமையிலிருந்து வந்த படங்களைக் காட்டிக்கொண்டிருந்தவர், அந்த வருஷம் சொந்தமாக ஒரு காமிரா வாங்கி, டாலிகஞ்சில் ஒரு தோட்ட வீட்டில் ஒரு படம் பிடித்திருந்தார். கதை சின்னது. காட்டில் ஒரு முனிவர் தவம் செய்கிறார். விஷ்ணு பிரத்யட்சமாகிறார். முனிவர் விழுந்து சேவிக்கிறார். பகவான் ஆசீர்வதித்துப் பிரசாதம் கொடுத்து மறைகிறார். தோன்றுவதும் மறைவதும்தான் வேடிக்கை. அதைச் செய்வது சுலபம்: முனிவரை அசையாமல் உட்காரச் சொல்லிவிட்டுக் காமிராவின் கைப்பிடியை நிறுத்த வேண்டும், வேஷக்காரர் வந்து நின்றதும் மறுபடி சுற்ற வேண்டும். நிறுத்தியிருந்த நேரத்தில் நடந்தது பிலிமில் ஏறாது. பார்க்கிறவர்களுக்கு வெறும் மரத்தடியில் பகவான் திடீரென்று நிற்பார். நாலு கைகளில் பின்கைகள் இரண்டும் சாமி சிலை செய்கிற குமர்துலியில் சோலாத் தக்கையால் செய்தவை. ஒன்றில் சக்கரம், ஒன்றில் சங்கு. இரண்டும் வேஷக்காரரின் முதுகில் வாரால் கட்டப்பட்டிருந்தன.

இந்தப் படத்தையும் இரண்டாவது மெஷினையும் தெற்கே கொண்டுபோக வேண்டும் என்பதுதான் திருவேங்கடத்தின் யோசனை. கும்பகோணம், ஸ்ரீரங்கம், மதுரை என்று ஒவ்வொரு ஊர் உற்சவத்துக்கும் ஒரு கூடாரம்.

"திரு பாபு, நான் உங்கள் ஊரைப் பார்த்ததில்லை" என்றார் நிபாரண் பாபு. அவர் பாதி வங்காளத்திலும் பாதி இங்கிலீஷிலும் பேசுவார். "உங்கள் ஜனங்கள் இங்கேயே பவானிபூரில் இவ்வளவு பேர் இருக்கிறார்களே, முதலில் அவர்களுக்குக் காட்டுங்கள். நான் இன்னொரு கூடாரத்தோடு மேளாவுக்குப் போகிறேன். திரும்பி வரும்போது உங்கள் மதராஸிகள் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் மெஷின் உங்களுடையது. இங்கே முகத்தைச் சுளித்தால் அங்கே கல்லால் அடிப்பார்கள். என் மெஷினுக்கு அடி படுவதை நான் விரும்பவில்லை."

மூன்று காட்சிகள் என்று பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை ஒன்று, அடுத்த சனிக்கிழமை ஒன்று, வைகுண்ட ஏகாதசியன்று சாயங்காலம் ஒன்று.

கூடாரத்தின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது. திரை கூடாரத்தின் கோடியில் இல்லை, நட்டநடுவில் குறுக்காகக் கட்டப்பட்டிருந்தது. ஒரு பக்கம் மெஷினும் ஆண்களுக்கான பெஞ்சுகளும். மறுபக்கம் பெண்கள். வங்காளிக் குடும்பத்துப் பெண்கள் அன்னிய ஆண்களோடு உட்கார மாட்டார்கள் என்பதால் வந்த ஏற்பாடு இது. காட்சிக்கு முன்னால் கேஷ்டோ என்ற வேலையாள் கைப்பம்பினால் திரையைத் தொப்பலாக நனைப்பான். நனைந்த துணியில் வெளிச்சம் ஊடுருவும். வேட்டியை நனைத்துக் கொடியில் போட்டால் பின்னால் நிற்பவர் தெரிகிற மாதிரிதான். அதனால் ஒரே மெஷின் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் படம் காட்டியது. திரையை நனைத்துவிட்டுக் கேஷ்டோ வாசலுக்குக் காவல் போய்விடுவான்.

முதல் சனிக்கிழமை நல்ல கூட்டம். திருவேங்கடத்தின் பக்கத்து வீட்டுக்காரரும் துறைமுக ஆபீஸில் வேலை பார்ப்பவருமான வாஞ்சிநாதன் தன் சிநேகிதர்களோடு வந்திருந்தார். பெண்களை விஜயலக்ஷ்மி அழைத்து வந்தாள். வாஞ்சிநாதனின் மனைவி ஜகதாம்பாள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். படம் ஓடியது. கைப்பிடி சுற்றுவதில் ஒரு பிசிறு இல்லை. பகவான் தோன்றியபோது ஆண்கள் பக்கம் 'ஆகா' என்று ஒரு சத்தம் எழுந்ததைத் திருவேங்கடம் கேட்டார். அப்போது அவர் சுண்ணாம்பைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"பிரமாதம் ஓய்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார் வாஞ்சிநாதன்.

வீட்டுக்கு நடந்து போகும்போது விஜயலக்ஷ்மி இரண்டடி முன்னாலேயே போனாள். கதவைத் திறந்து விளக்கை ஏற்றினாள். பிறகு கேட்டாள்.

"ஏன்னா, அந்த வேஷக்காரன் பெருமாளையே சேவிச்சதில்லையா?"

"ஏன், என்ன?"

"சக்கரம் இடது கைல இருக்கு. சங்கு வலது கைல இருக்கு."

திருவேங்கடம் சிரித்தார். "இருக்காது."

"இருக்காதா? எனக்கா தெரியாது?" அவள் புடவைத் தலைப்பை விலக்கித் தோளைக் காட்டினாள். வைஷ்ணவர்களுக்குச் சமாஸ்ரயணம் என்று ஒரு சடங்கு உண்டு. சக்கரத்தையும் சங்கையும் காய்ச்சித் தோள்களில் ஒற்றுவார்கள். சக்கரம் வலது தோளில், சங்கு இடது தோளில். ஆணுக்கும் பெண்ணுக்கும் அப்படித்தான். "இது உடம்பிலேயே எழுதியிருக்கு. புஸ்தகம் பார்க்க வேண்டியதில்லே. அது போகட்டும், பிரசாதத்தை இடது கையால கொடுக்கறான். முனிவர் இடது கையால வாங்கிக்கறார். பூணூல் வலது தோள்ல கிடக்கு. ஜகதாம்பாள் மாமி காதோட சொன்னா, 'என்னடி இது, திவசம் பண்றாப்பல இருக்கே'ன்னு."

திருவேங்கடத்தின் சிரிப்பு நின்றது. பூணூல் இடத் தோளில் இருந்து வலப்பக்கம் இறங்க வேண்டும். இறந்தவர்களுக்குச் செய்யும் காரியத்தில்தான் அது தோள் மாறும். பெருமாளுக்கு அப்படி என்றால் கல்லெறி நிச்சயம்.

"நீங்க பார்க்கலியா?" என்றாள் விஜயலக்ஷ்மி.

"பார்த்தேன்."

"எந்தக் கைல சக்கரம்?"

அந்தப் பிலிமை எத்தனையோ தடவை சுற்றியிருக்கிறார், ஒட்டியிருக்கிறார், துடைத்திருக்கிறார். எந்த இடத்தில் கீறல், எந்த இடத்தில் ஓரத்து ஓட்டை கிழிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சக்கரம் எந்தக் கையில் என்று மனதில் பதியவில்லை.

"படத்தைப் பார்த்தேளா, மெஷினைப் பார்த்தேளா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் கூடாரத்தில் உட்கார்ந்து அவர் யோசித்தார். பிலிமுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று கண்ணாடி மாதிரி பளபளக்கும். மற்றது மங்கலாக, விரல் பட்டால் லேசாக ஒட்டும். படம் இருப்பது மங்கலான பக்கத்தில். அந்தப் பக்கம் விளக்கைப் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. மாற்றி மாட்டினால் இடம் வலமாகும், வலம் இடமாகும். இரண்டு ஓரத்திலும் ஓட்டைகள் ஒரே மாதிரி இருப்பதால் எப்படி மாட்டினாலும் மெஷின் ஒன்றும் சொல்லாமல் ஓட்டிவிடும்.

தாம் விதிப்படி மாட்டியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மாட்டியது சரி, பார்த்தவர்கள் சொன்னதும் சரி என்றால், தப்பு பிலிமிலேயேதான் இருக்க வேண்டும். நிபாரண் பாபு சொந்தமாக அச்சடித்த முதல் படம் இது. அச்சடிக்கும்போது பக்கம் மாறியிருக்கும். அதற்கு மருந்து சுலபம். இனி பளபளக்கும் பக்கத்தை விளக்குக்குக் காட்டி மாட்டினால் தப்பின் மேல் தப்பு சேர்ந்து சரியாகிவிடும். அன்றே மாற்றி மாட்டி, லென்ஸை அரை மயிரிழை முன்னே நகர்த்திக் கூர்மை சரிசெய்து வைத்தார். ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம். பிராணவாயு உருளை பாதிதான் மிச்சம் இருந்தது. வீணாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஸ்ரீனிவாசராகவன் வந்தார். அவர் அரசாங்கக் கணக்கு ஆபீஸில் சூப்பரின்டென்டென்ட். பவானிபூர்த் தமிழர்கள் எதற்கும் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். ஜரிகைச் சால்வையோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் மனைவி அனந்தலக்ஷ்மி திரைக்கு மறுபக்கம் போனாள். விஜயலக்ஷ்மியும் ஜகதாம்பாளும் தப்பு திருந்தியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே மறுபடி வந்திருந்தார்கள்.

படம் ஓடியது. முனிவர் தவம் செய்தார். பகவான் தோன்றினார். இந்தத் தடவை 'ஆகா' வரவில்லை. பெஞ்சு ஒன்று நகரும் சத்தம் கேட்டது. திருவேங்கடம் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஸ்ரீனிவாசராகவன் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஓய் திருவேங்கடம். அது யாரு?"

"பெருமாள், ஸ்வாமி."

"பெருமாளா? எந்த ஊர்ப் பெருமாள்? இடது கைல ஆழியும் வலது கைல சங்கும் வெச்சுண்டு, பூணூலை மாத்திப் போட்டுண்டு, யாருக்குத் தர்ப்பணம் பண்றார்?"

கைப்பிடியை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அந்தச் சூட்டில் பிலிம் பற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்டே அவர் திரையைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தார். இடது கையில் சக்கரம். முனிவர் இடது கையால் பிரசாதம் வாங்கினார்.

"ஸ்வாமி, இது அச்சுல—"

"அச்சோ, பிச்சோ. இதை ஸ்ரீரங்கத்துக்கு வேற கொண்டுபோகப் போறீராமே. போறதுக்கு முன்னாடி ஆத்துல சொல்லிண்டு போம், திரும்பி வரமாட்டீர்." அவர் போனார். அவர் போனதும் ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியில் வாஞ்சிநாதன் மட்டும் நின்றார்.

"ஏன் ஓய், போன வாரம் நன்னாத்தானே இருந்தது? எதுக்கு மாத்தினீர்?"

"போன வாரம் எந்தக் கைல சக்கரம்?"

"வலது கைலதான். வேற எங்க இருக்கும்?"

இதை விளங்கிக்கொள்ள நேரம் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து விஜயலக்ஷ்மி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "இன்னிக்குப் பேஷா இருந்தது. ஜகதாம்பாள் மாமி கண்ணுல ஜலமே விட்டுட்டா." அப்புறம்தான் காலிப் பெஞ்சுகளைப் பார்த்தாள். "எல்லாரும் எங்கே?"

அன்றிலிருந்து பவானிபூரில் பல வீடுகளில் ஒரே சண்டை. முதல் வாரம் சரி, இரண்டாம் வாரம் தப்பு என்றார் வாஞ்சிநாதன். முதல் வாரம் தப்பு, இரண்டாம் வாரம் சரி என்றாள் ஜகதாம்பாள். "உனக்குக் கண் மங்கிப்போச்சு" என்றார் அவர். "உங்களுக்கு வலது இடது எப்போ தெரிஞ்சிருக்கு? செருப்பையே மாத்தித்தானே மாட்டிப்பேள்" என்றாள் அவள். ஸ்ரீனிவாசராகவன் வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. பெருமாளைச் சரியாகச் சேவித்ததாக அனந்தலக்ஷ்மி சொன்னாள். தம்மைப் பொய்யராக்குகிறாள் என்று அவர் நினைத்தார். அவர்கள் வீட்டில் 'ரசம் வேணுமா' என்பதுகூடச் சமையல்காரர் மூலமாகத்தான் போனது.

திருவேங்கடத்துக்குத் தூக்கம் வரவில்லை. இன்னும் ஒரே ஒரு காட்சி பாக்கி. நிபாரண் பாபு திரும்பி வந்து கேட்டால் ஸ்ரீனிவாசராகவன் சொல்வதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். தை பிறந்தால் கிளைவ் தெரு.

ஒரு நாள் காலை மொட்டை மாடியில் விஜயலக்ஷ்மி வடாம் உலர்த்திக்கொண்டிருந்தாள். அவர் கிழிந்த பிலிம் துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதில் பகவான் நின்றுகொண்டிருந்தார்.

"இதைப் பிடிச்சுண்டு ஆகாசத்தைப் பாரு" என்றார். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே. இருக்கிறதைச் சொல்லு."

அவள் மணையில் உட்கார்ந்தபடி துண்டைத் தூக்கிப் பிடித்தாள். "வலது கைலதான் சக்கரம்."

"சரி. அப்படியே பிடிச்சுக்கோ, ஆட்டாதே." அவர் எதிரே வந்து குந்தி, அதே துண்டை மறுபக்கத்திலிருந்து பார்த்தார். அவள் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் பிலிம் வெயிலில் மினுங்கியது. அவருடைய பக்கத்தில் பகவான் சக்கரத்தை இடது கையில் பிடித்திருந்தார்.

துண்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அவர் இன்னும் கிட்டே குனிந்தார்.

"என்ன?"

"எனக்கு இடது."

"நகருங்கோ." அவள் எழுந்து அவர் இடத்துக்கு வந்து பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். மறுபடி வந்தாள். வடாம் மாவில் காக்காய் உட்கார்ந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"பாங்கில தினம் ஈர மை மேல ஒத்துத்தாள் வெச்சு அமுக்கறேன்" என்றார் திருவேங்கடம். "எழுத்தெல்லாம் தாள்ல திரும்பி நிக்கும். அதைப் பார்த்துண்டே பத்து வருஷம் உட்கார்ந்திருக்கேன். பிலிம்ல ஒரு தப்பும் இல்லே. நான் மாட்டினதுலயும் முதல் வாரம் தப்பில்லே. நீங்க உட்கார்ந்த இடம் துணிக்குப் பின்னாடி. ஈரத்துணி இந்தப் பிலிம் மாதிரிதான். முன்னாலேர்ந்து பார்த்தா ஒண்ணு, பின்னாலேர்ந்து பார்த்தா அதுக்கு எதிர்."

"படத்துக்கு முன்னாடி எழுத்து வந்ததே, அதுவும் திரும்பியா இருந்திருக்கும்?"

"ஆமாம். உனக்குத் தெரியலியா?"

"வங்காளி எழுத்து நேரா இருந்தாலே எனக்குத் தெரியாது. தலைகீழா இருந்தாலும் எனக்கு அழகாத்தான் இருக்கும்." அவள் யோசித்தாள். "அப்போ இங்கத்துப் பெண்கள் எல்லாம் எப்படிப் பார்த்துண்டு இருக்கா?"

"அவா ரொம்ப நாளா பின்னாடி உட்கார்ந்து பழகினவா. திரும்பித்தான் தெரியும்னு தெரிஞ்சுண்டே பார்ப்பா. அதனாலதான் நிபாரண் பாபு சொல்லலே. சொல்லணும்னே அவருக்குத் தோணியிருக்காது."

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அதை வைத்து ஸ்ரீனிவாசராகவனைக் கூடாரத்துக்கு வரவழைக்க முடியாது. நியாயம் சொல்லப் போனால் வாசலிலேயே பேச்சை வெட்டிவிடுவார். அந்த வேலையை விஜயலக்ஷ்மி எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே அனந்தலக்ஷ்மியைப் பார்க்கப் போனாள்.

"மாமி, நீங்க சேவிச்சது சத்தியம். மாமா பார்த்ததும் சத்தியம். ஏகாதசியன்னிக்கு ரெண்டு பேரும் வந்தா ஒரு க்ஷணத்துல நிரூபிச்சுடலாம்."

"நான் பொய் சொல்லலேன்னு அவர் வாயால வருமா?"

"வரும்."

"அப்போ இழுத்துண்டாவது வரேன்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

வைகுண்ட ஏகாதசியன்று எல்லாரும் பட்டினி. வேறு போக்கு இல்லாததால் கூட்டம் இன்னும் அதிகம். சண்டைக்கு முடிவு தெரிய வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. திருவேங்கடம் பிலிமை விதிப்படி, மங்கலான பக்கம் விளக்கைப் பார்க்க மாட்டிவைத்தார். ஆனால் முதலில் அதை ஓட்டவில்லை. மெஷினில் கண்ணாடி ஸ்லைடு காட்டவும் ஒரு சட்டம் உண்டு. நாளை என்ன படம் என்று விளம்பரம் காட்டுவதற்காக நிபாரண் பாபு பகவான் நிற்கும் போட்டோவைக் கண்ணாடியில் எடுத்து வைத்திருந்தார். பிலிமை அசையாமல் நிறுத்தினால் தீப்பற்றும்; கண்ணாடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். அதைச் சட்டத்தில் செருகினார். ஈரத்திரையில் பகவான் அசையாமல் வந்து நின்றார்.

"எல்லாரும் எழுந்துக்கணும்" என்றார் திருவேங்கடம். "திரையை ஒரு தடவை வலமா வாங்கோ. ஆண்கள் பின்பக்கம் போங்கோ, பெண்கள் முன்பக்கம் வாங்கோ. சக்கரம் எந்தக் கைலன்னு பார்த்துண்டே வாங்கோ."

முதலில் யாரும் நகரவில்லை. வாஞ்சிநாதன்தான் எழுந்தார். அப்புறம் வரிசை வரிசையாகப் புறப்பட்டார்கள். பெருமாள் நிற்கும்போது வலமாக நடப்பது அவர்கள் காலுக்குத் தெரிந்த வேலை; யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்கள், கைகள் குவிந்தன. கூடாரத்தின் பக்கவாட்டில், துணிக்கும் கம்பத்துக்கும் இடையிலிருந்த சந்தில் ஒருவர்பின் ஒருவராகப் போய்வந்தார்கள். பின்பக்கம் போனதும் நின்று பார்த்தார்கள், தங்கள் கையைத் தூக்கி ஒப்பிட்டார்கள், முன்பக்கம் வந்து மறுபடி பார்த்தார்கள்.

"அடிப்பாவி, ஆமாண்டி" என்று ஜகதாம்பாளின் குரல் கேட்டது. "உங்களுக்குச் செருப்பு மட்டும்தான் மாறிப்போறது" என்றாள் தன் கணவரிடம்.

ஸ்ரீனிவாசராகவன் பின்பக்கம் வெகுநேரம் நின்றார். சால்வைக்குள் கையை விட்டு வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு முன்பக்கம் வந்து, அதையே செய்தார். அனந்தலக்ஷ்மி அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"பார்த்தேளா?"

"பார்த்தேன், பார்த்தேன்."

"நான் சொன்னது?"

"சரிதான்" என்றார் அவர், தரையைப் பார்த்து. உடனே திருவேங்கடத்தின் பக்கம் திரும்பினார். "ஓய், உம்ம கெட்டிக்காரத்தனம் இருக்கட்டும். எந்தக் கோயில்லயாவது பெருமாளைப் பின்னாடி நின்னு யாராவது சேவிச்சிருக்காளா? மூலவருக்குப் பின்னாடி சுவர் எதுக்கு இருக்குன்னு நினைச்சீர்?"

"தெரியறது, ஸ்வாமி."

"தெரிஞ்சா திரைக்குப் பின்னாடியும் சுவர் வையும். பெண்கள் இந்தப் பக்கமே உட்காரட்டும். நடுவுல ஒரு கயிறு கட்டினாப் போறும், பஜனைல உட்காரலியா? அப்படிப் பண்ணினா நான் நன்னாயிருக்குன்னு சொல்றேன். ரெண்டு பக்கமும் காட்டினா சொல்லமாட்டேன்."

அன்றைக்கு எல்லாரும் முன்பக்கத்திலேயே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பின்பக்கம் காலி. படம் ஓடியபோது 'ஆகா' இரண்டு குரலிலும் வந்தது.

ஆனால் பாதிக் கூடாரம் காலி என்பது நிபாரண் பாபுவிடம் செல்லாது. திருவேங்கடத்துக்கு இது தெரியும். திரையை நடுவிலிருந்து எடுத்துக் கோடியில் கட்டினால் பெஞ்சுகளை இழுத்துப் போட்டு அதே அளவு ஜனங்களை ஒரே பக்கம் உட்கார வைக்கலாம். சிக்கல் என்னவென்றால், மெஷினிலிருந்து திரை தள்ளிப்போகப் போகப் படம் பெரிதாகும். இருக்கிற வெளிச்சமே பெரிய இடத்தில் பரவுவதால் மங்கும். இதை நினைத்துக்கொண்டே ஒரு நாள் முழுக்கக் கூடாரத்தில் நடந்தார். பிறகு அவருக்கு ஒன்று பட்டது. ஈரத்துணி பின்பக்கத்துக்குப் படம் காட்டியது எதை வைத்து? முன்பக்கத்துக்கு வர வேண்டிய வெளிச்சத்தை வைத்துத்தான். துணியை நனைக்காமல், வெளிச்சம் ஊடுருவாதபடி அடைத்துவிட்டால் அத்தனையும் முன்பக்கமே திரும்பி வரும். தள்ளிவைத்ததில் போனதை அது ஈடுகட்டும்.

துணியை உலர்த்தி, நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பில் பசை சேர்த்து இரண்டு பூச்சு பூசினார். பின்னால் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டார். கேஷ்டோ கைப்பம்பைப் பிடித்துக்கொண்டு, தன் வேலை போய்விட்டதா என்பதுபோல நின்றான். அவனைக் கைப்பிடி சுற்றப் பழக்கினார்.

மேளாவிலிருந்து திரும்பிய நிபாரண் பாபு கூடாரத்துக்குள் நுழைந்ததும் நின்றார்.

"என் திரை எங்கே?"

திருவேங்கடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். பின்னாலிருந்து பார்த்தால் திரும்பித் தெரியும் என்ற இடம் வந்ததும் நிபாரண் பாபு நாக்கைக் கடித்துக்கொண்டார். "இதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா? என் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியுமே, மொஷாய்." பிறகு கேட்டார்: "உங்கள் பெரிய மனிதர் என்ன சொன்னார்?"

"இந்தத் திரையில் காட்டினால் நன்றாக இருக்கிறது என்று சொல்வதாகச் சொன்னார். இன்றைக்கு வருகிறார்."

"விளக்கைப் போடுங்கள், பார்க்கலாம்."

"கேஷ்டோ ஓட்டுவான்" என்றார் திருவேங்கடம். "நான் இன்றைக்குப் படம் பார்க்கிறேன்."

சாயங்காலம் கூடாரத்தின் நடுவில் நீளவாட்டில் ஒரு கயிறு. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். கயிற்றை ஒட்டி இந்தப் பக்கம் திருவேங்கடமும் அந்தப் பக்கம் விஜயலக்ஷ்மியும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீனிவாசராகவன் முதல் பெஞ்சில். நிபாரண் பாபு கடைசியில் நின்றுகொண்டு, திரையைப் பார்க்காமல் ஜனங்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுண்ணாம்புத் திரையில் காடு வந்தது. முன்பைவிடப் பெரிய காடு. இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. பகவான் தோன்றினார். வலது கையில் சக்கரம். கூட்டம் கை கூப்பியது. திருவேங்கடம் முன்னால் சாய்ந்தார்.

"அந்தச் சங்கு இருக்கிற கை ஆடறதே. தோள்ல வார் தெரியறது."

"அது எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள் விஜயலக்ஷ்மி.

"சொல்லவே இல்லியே."

"நீங்க கேட்டேளா? அந்தக் கை ஆரத்தித் தட்டு மாதிரி கொஞ்சம் ஆடிண்டு அழகாத்தான் இருந்தது. தெற்கே போறச்சே இறுக்கிக் கட்டச் சொல்லி வேற படம் பிடிச்சுக்கலாம்."

படம் முடிந்ததும் ஸ்ரீனிவாசராகவன் எழுந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "நன்னாயிருக்கு" என்றார். அந்த ஒரு தமிழ் வார்த்தை நிபாரண் பாபுவுக்கும் புரிந்தது. அவர் திருவேங்கடத்திடம் வந்து, மெஷின் பெட்டியின் சாவியை அவர் கையில் வைத்தார்.

"உங்கள் ஊருக்கு உங்கள் திரை. என் ஊருக்கு என் திரை. நாளை என் கூடாரத்தில் என் துணியைத் திரும்பக் கட்டிவிடுங்கள்."

வீட்டுக்கு நடக்கும்போது டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு காளிகாட் பக்கம் போயிற்று.

"தை பொறந்ததும் ஆபீஸ் போறேளா?" என்றாள் விஜயலக்ஷ்மி.

"போகணும்" என்றார் திருவேங்கடம். "இனிமே வரலேன்னு சொல்லிட்டு வரணுமே."